பெரியம்மாவின் சிங்களக் கொப்பி

என்னுடைய அலுவலக மேசையின் இரண்டாவது லாச்சிக்குள், றப்பர் முத்திரைகளுக்கும் மைத் தட்டுக்கும் அடியில், எண்பது பக்க அப்பியாசக் கொப்பி ஒன்று கிடக்கிறது. முத்திரை எடுக்க லாச்சியை இழுக்கும்போதெல்லாம் அது கண்ணில் படும். பட்டால் நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து இரண்டு வரி வாசிப்பேன். வாசித்தால் சிரிப்பு வரும். வேலணையில் எங்கள் கந்தோருக்கு அலுவலாக வந்து முன்னால் நிற்கிறவர்கள், தங்களைப் பார்த்துத்தான் சிரிக்கிறேன் என்று நினைத்துச் சட்டையைச் சரிசெய்துகொண்ட நாளும் உண்டு. கொப்பிக்குள் இருப்பது சிங்களம், ஆனால் ஒரு சிங்கள எழுத்துக் கிடையாது. எல்லாம் தமிழ் எழுத்து. இடப்பக்கம் சொல், வலப்பக்கம் கருத்து. ‘கமக் நே: பரவாயில்லை. ஒரு நாளைக்கு நூறு தரம் சொல்லுறார்.’ ‘வாடி வென்ன: இருங்கோ. தான் கட்டிலில கிடந்துகொண்டு எங்களை இருக்கச் சொல்லுறார்.’ ‘லுணு மதி: உப்புக் காணாது. இது மட்டும் மாறேல்லை.’ இதை எழுதியவர் என் பெரியம்மா. எழுதத் தொடங்கும்போது அவருக்கு அறுபத்தெட்டு வயது. பரீட்சைக்காக இல்லை, உத்தியோகத்துக்காகவும் இல்லை. கட்டின மனுசனோடு கதைப்பதற்காக.

பெரியப்பா என் அப்பாவின் தமையன். புங்குடுதீவு ஆம்பிளைகள் ஒரு காலம் செய்தது போல அவரும் மீசை அரும்புகிற வயதில் தெற்கே போய், ஒரு சிங்கள ஊரில் சொந்தக்காரர் கடையில் நின்று பழகி, பிறகு தானே கடை போட்டவர். பெண்டுகள் ஊரில், ஆம்பிளைகள் கடையில், அதுதான் எங்கள் தீவுக் குடும்பங்களின் ஒழுங்கு. தைப்பொங்கலுக்குப் பத்து நாள், ஆனி மாதம் நயினாதீவு அம்மன் திருவிழாவுக்குப் பத்து நாள் என்று வந்து போவார். பெரியம்மா அந்தக் கடையை ஒரு நாளும் கண்டதில்லை. அதன் வாசல் எந்தத் திசையைப் பார்த்தது என்றுகூட அவருக்குத் தெரியாது. பிறகு தமிழருக்கு எதிரான கலவரத்தில் கடை எரிந்தது. உடுத்த சாரத்தோடு கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கிய பெரியப்பா அதற்குப் பிறகு தெற்குப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. இடம்பெயர்ந்து வன்னியில் அலைந்தார்கள், திரும்பி வந்து வீட்டைத் திருத்தினார்கள், ஒரே மகளைக் கட்டிக்கொடுத்துக் கனடாவுக்கு அனுப்பினார்கள். இவ்வளவுக்கும் இடையில் அவர் வாயால் வந்த சொற்களை ஒரு சுண்டுக்குள் அள்ளி வைத்திருக்கலாம். சின்ன வயதில் நாங்கள் அந்த வீட்டுக்குப் போனால், முன்விறாந்தைச் சாய்மனைக் கதிரையில் பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டு இருப்பார். பேப்பர் ஒரு அங்குலம் இறங்கினால் போதும், பின்வளவுக்கு ஓடிவிடுவோம். பெரியம்மாவைக் கூப்பிட அவரிடம் ஒரே சொல்தான் இருந்தது: ‘இஞ்சேரும்.’ இஞ்சேரும், தண்ணி. இஞ்சேரும், உப்புக் காணாது. அவர் சிரித்து ஒருவரும் கண்டதில்லை. வாய்க்குள் பல் இருக்கிறதா இல்லையா என்று எங்களுக்குள் பந்தயமே நடந்தது. நான் ‘பல் இல்லை’ என்ற கட்சி.

ஒரு நாள் விடியக் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டு நின்றவர் அப்படியே சரிந்துவிட்டார். ஸ்ட்ரோக். வலக்கையும் வலக்காலும் சோர்ந்து, வாய் ஒரு பக்கம் கோணி, யாழ்ப்பாணத்து ஆசுப்பத்திரிக் கட்டிலில் மூன்று நாள் பேச்சில்லாமல் கிடந்தார். நாலாம் நாள் நானும் பெரியம்மாவும் பக்கத்தில் நிற்கையில் கண்ணைத் திறந்தார். பெரியம்மாவை நேரே பார்த்தார். மிக மரியாதையாக, “மே கொஹெத, நோனா?” என்றார். இது எந்த இடம் அம்மணி என்று சிங்களத்தில் கேட்கிறார். பெரியம்மாவுக்குச் சிங்களம் தெரியாது. தன் வாழ்நாளில் அவர் சிங்களம் கேட்ட இடம் ஆமிக்காரன் மறித்து அட்டை பார்க்கிற சென்றி ஒன்றுதான். ஆகவே கேட்ட கையோடு கைப்பையைத் திறந்து, தன் அடையாள அட்டையை எடுத்து, தாலி கட்டிய மனுசனின் மூக்குக்கு நேரே நீட்டினார். நான் மட்டும் பெரிய கெட்டிக்காரியா? என் கையும் பைக்குள் போய்விட்டது, அட்டை பாதி வெளியே வந்துவிட்டது. பெரியப்பா இடக்கையால் பெரியம்மாவின் அட்டையை வாங்கிப் படத்தைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், “ஹொந்தய், ஹொந்தய்” என்று திருப்பிக் கொடுத்தார். நல்லது, நல்லது என்று அர்த்தம். பக்கத்துக் கட்டில் ஐயா போர்வையை வாய்க்குள் திணித்துக்கொண்டு சிரித்தார். பெரியம்மாவும் சிரிக்கத்தான் தொடங்கினார். “என்னைச் செக் பண்ணிப் போகவிட்டிட்டார், பிள்ளை” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தவர், அந்தக் கட்டில் விளிம்பிலேயே இருந்து அழத் தொடங்கிவிட்டார்.

வார்டுக்குப் பொறுப்பாக இருந்த இளம் பெண் டொக்டர் பொறுமையானவள். பழைய மருந்துத் துண்டு ஒன்றின் பின்பக்கத்தில் மூளையை வரைந்து காட்டினாள். இடப்பக்கத்தில், பேச்சு நடக்கிற இடத்துக்கு இரத்தம் போகாமல் அடைத்திருக்கிறது. இரண்டு மொழி பேசுகிறவர்களுக்கு இப்படி வந்தால் இரண்டும் ஒரேயளவாகப் பழுதுபட வேண்டும் என்றில்லை. ஒன்று முந்தி வரும், மற்றது பிந்தி வரும், வராமலும் விடலாம். நாங்கள் சொல்வது அவருக்கு மெல்ல மெல்ல விளங்கத் தொடங்கும், ஆட்களையும் தெரியும், ஆனால் பதில் எந்த மொழியில் வாய்க்கு வருகிறதோ அந்த மொழியில்தான் வரும். வருகிறதை மறிக்க வேண்டாம், எந்த மொழியானாலும் கதைக்க விடுங்கோ என்றாள். பெற்ற தாய் சொல்லிக்கொடுத்த தமிழ் போய், கடையில் பழகின சிங்களம் நிற்கிறதோ என்று பெரியம்மா கேட்டார். அப்படியும் நடக்கும் அம்மா, ஏன் என்று கேட்டால் எனக்குச் சொல்ல ஏலாது என்றாள் டொக்டர். தெரியாததைத் தெரியாது என்று சொன்னதற்காகவே எனக்கு அவளைப் பிடித்துப் போயிற்று.

வீட்டுக்குக் கொண்டு வந்த பிறகுதான் பெரிய அதிசயம் தெரிந்தது. மொழி மட்டும் மாறவில்லை, ஆளே மாறியிருந்தார். சிங்களத்தில் பெரியப்பா சிரிப்பார். பல் இருந்தது, அதுவும் நல்ல வரிசைப் பல், பந்தயத்தில் நான் தோற்றுப் போனேன். ஆர் படலையைத் திறந்தாலும் கட்டிலில் கிடந்தபடியே வரவேற்று, இருக்கச் சொல்லி, சுகம் விசாரித்து, பகிடி விட்டுத்தான் அனுப்புவார். பாக்குக் கொண்டு வந்த பக்கத்து வீட்டுக்காரிக்கு, இன்று நல்ல கருவாடு வந்திருக்கிறது நோனா, உங்களுக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன் என்று சொன்னார். காகத்தையும் விடவில்லை. சோறு கொத்த வந்த காகத்திடம், நேற்றுக் கொண்டு போனது எப்படி இருந்தது என்று கேட்டார். பெரியம்மா புதுச் சீலை உடுத்திய அன்று தலையைச் சரித்துப் பார்த்து, “லஸ்ஸனய், நோனா” என்றார். வடிவாக இருக்கிறது என்று நான் மொழிபெயர்த்தேன். பெரியம்மாவுக்குச் சந்தோசம் வரவில்லை, கோபம்தான் வந்தது. நாற்பது வருடமாகத் தான் உடுத்திய சீலை என்ன நிறம் என்று கேட்டால் தெரியாத மனுசன் இப்போது வடிவைக் கண்டுவிட்டாரோ என்று குசினிக்குள் போய்ச் சட்டிகளை இடித்தார். தன்னை அவர் சாமான் வாங்க வந்த ஆளாக நினைக்கிறார் என்பதுதான் பெரியம்மாவின் வயிற்றெரிச்சல். கடைக்கு வந்த பெண்டுகள் எல்லோருக்கும் இந்தச் சிரிப்பைத்தானே காட்டியிருப்பார்? ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: “பிள்ளை, உதுக்குள்ள எங்கட ஆள் இருக்கிறாரோ, இல்லையோ? அதை மட்டும் எனக்குச் சொல்லு.” நான் எழும்பிப் போய் இரண்டு கோப்பை தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தேன்.

கனடாவில் இருக்கிற மகளை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்காவுக்கு அந்தக் கேள்வியே இல்லை, முடிவு இருந்தது. வீடியோவில் எடுத்தால் பெரியப்பா அவளை ‘மிஸ்’ என்பார், கடைக்கு வந்த இஸ்கூல் ரீச்சரிடம் கதைப்பது போலக் கதைப்பார். அக்கா அழுதபடி போனைக் கணவனிடம் கொடுத்துவிடுவாள். அது அப்பா இல்லை என்றாள். அப்பாவின் உடம்புக்குள் வேறு ஆரோ வந்து இருக்கிறார்கள் என்றாள். யாழ்ப்பாணத்தில் நல்ல முதியோர் இல்லம் ஒன்றில் அவரை விட்டுப் பராமரிக்கலாம், அம்மாவைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போகலாம், ஆனித் திருவிழாவுக்கு வருவேன், அதற்குள் அம்மா முடிவு சொல்ல வேண்டும் என்றாள். பாவம், அவளில் பிழை சொல்ல மாட்டேன். ஏழு கடலுக்கு அங்கால் இருந்துகொண்டு ஒரு கைபேசிக் கண்ணாடிக்குள் அப்பாவைத் தேடுவது லேசான காரியமா? பெரியம்மா ஓமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. மனுசன் ஆரென்று தெரிந்த பிறகு சொல்கிறேன் என்று மட்டும் சொன்னார். அப்போது மாசி மாதம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டுத் தனக்குச் சிங்களம் படிப்பிக்கச் சொன்னார். படிப்பிக்க வந்த வாத்தியாரின் தகுதியையும் சொல்லிவிட வேண்டும். அரசாங்க உத்தியோகத்தர்கள் எழுத வேண்டிய சிங்களப் பரீட்சையில் நான் அதுவரை இரண்டு தரம் பெயில். இருந்தாலும் கொப்பி ஒன்று வாங்கிக் கொண்டு போனேன். மட்டையில் பெயர், தரம், பாடம் என்று கோடுகள் இருந்தன. என் பேனாவால் பெரியம்மாவின் பெயரை எழுதி, பாடம் என்ற இடத்தில் ‘சிங்களம்’ என்று எழுதினேன். தரம் என்ற இடத்தில் ‘ஒன்று’ என்று போடச் சொல்லி அவரே சிரித்தார். ‘கன்ன’ என்றால் சாப்பிடுங்கோ, ‘பொன்ன’ என்றால் குடியுங்கோ என்று படிப்பித்தேன். பெரியம்மா அதை மாற்றிப் பிடித்துக்கொண்டு, தேத்தண்ணியைச் சாப்பிடச் சொல்லியும் புட்டைக் குடிக்கச் சொல்லியும் மனுசனுக்குக் கட்டளையிட்டார். பெரியப்பா கட்டில் குலுங்கச் சிரித்தார். பிறகு ஒரு துளி எரிச்சலில்லாமல், கோப்பையைத் தொட்டு ஒன்று, தட்டைத் தொட்டு ஒன்று என்று திருத்திக் கொடுத்தார். நான் அந்தச் சொற்களைப் பிடிக்கப் பட்டபாடு எனக்குத் தெரியும். பெரியம்மா இரண்டு நாளில் பிடித்துவிட்டார். ஒரு கிழமைக்குள் வாத்தியாரை மாற்றிவிட்டார், என்னை விலக்கிவிட்டுப் பெரியப்பாவிடமே படித்தார்.

கோலூன்றி நடக்கத் தொடங்கியதும் அவரைக் குறிகட்டுவானுக்குக் கொண்டு போவோம் என்றது பெரியம்மாதான். எங்கள் தீவின் அந்தத் தொங்கலில் இருக்கிற இறங்குதுறைக்குத்தான் நயினாதீவு விகாரைக்குப் போகிற சிங்களச் சனம் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கும். “எனக்கு விளங்கிறது அரைவாசி. விளங்கிற ஆக்களிட்டக் கொண்டு போய் விட்டுப் பாப்பம், மனுசன் எப்பிடிக் கதைக்கிறாரெண்டு” என்றார். சனி, ஞாயிறு பின்னேரங்களில் ஓட்டோவில் ஏற்றிக் கொண்டு போய், துறையடிக் கொட்டகையின் வாங்கில் இருத்துவோம். அங்கே பெரியப்பா கடை திறந்துவிடுவார். சாமான் இல்லாத கடை. செருப்பைக் கழற்றிக் கையில் பிடியுங்கள், பிள்ளைகளைப் படகின் நடுவில் இருத்துங்கள், வயிற்றைப் பிரட்டுகிறவர்கள் தண்ணியைப் பாராமல் தூரத்துக் கரையைப் பாருங்கள் என்று வெள்ளை உடுப்புச் சனத்துக்கு இலவச ஆலோசனை வழங்குவார். நடுநடுவே சொல் தடக்கும், தலையைச் சொறிவார், அதையும் பகிடியாக்கிவிடுவார். சனம் அவரைச் சுற்றி நின்று சிரிக்கும். போகும்போது ‘ஹெட்டத் என்ன’ என்பார், நாளைக்கும் வாருங்கள் என்று. தெற்குக் கரை மாத்தறையிலிருந்து வந்த மனுசி நாளைக்கு எங்கே வருகிறது? பெரியம்மா அந்த வாங்கின் மற்றத் தொங்கலில் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, சொல்லை எழுதுவதும் மனுசனைப் பார்ப்பதுமாக இருப்பார். ஒருத்தி தன் கலியாண வீட்டிலேயே பந்தலுக்கு வெளியில் நின்று மாப்பிள்ளையை எட்டிப் பார்ப்பது போல இருந்தது அந்தப் பார்வை.

ஆனி வந்தது, அக்காவும் வந்தாள். பெரியப்பா அவளைக் கண்டதும் கண் கலங்கினார், கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை, ஆனால் வாயில் வந்தது ‘மிஸ்’தான். அக்கா வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றாள். இல்லத்துக்குக் கதைத்தாகிவிட்டது, அம்மாவுக்கு விசா அலுவலும் தொடங்கியாகிவிட்டது என்று எனக்குச் சொன்னாள். அன்று பின்னேரம் நாலு பேருமாகக் குறிகட்டுவானுக்குப் போனோம். திருவிழாச் சனமும் விகாரைச் சனமும் ஒன்றாகச் சேர்ந்து துறை நிரம்பி வழிந்தது. வெள்ளைச் சீலை உடுத்திய வயதான சிங்கள அம்மா ஒருவர் படகுக்குக் காத்துக்கொண்டு பெரியப்பாவின் பக்கத்தில் இருந்தார். பெரியப்பாவின் பகிடிக்கு விழுந்து விழுந்து சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்தபடி கேட்டார்: இப்படிச் சிரிக்க வைக்கிறீர்களே முதலாளி, உங்கள் வீட்டு நோனா சிரித்தே களைத்துப் போயிருப்பாரே?

பெரியப்பாவின் முகம் மாறியது. பிறகு மெல்ல மெல்ல, விட்டு விட்டுச் சொல்லத் தொடங்கினார். நான் எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் பிடித்துப் பிடித்துப் பெரியம்மாவின் காதில் சொன்னேன். எனக்கு விளங்காத இடங்களில் அந்த அம்மா கையாலும் கண்ணாலும் விளக்கினார். வீட்டில் நான் கதைப்பதில்லை என்றார் பெரியப்பா. கடையில் விடியத் தொடங்கிப் பொழுதுபடும் வரைக்கும் கதைப்பேன். பொங்கலுக்கு வரும்போது றெயில் முழுக்க அவளுக்குச் சொல்ல வேண்டியதை அடுக்கிக்கொண்டு வருவேன். படலையைத் திறந்து அவளைக் கண்டால் எல்லாம் போய்விடும். அவள் வீடு, வளவு, கிணறு, பிள்ளை எல்லாம் தனியாகப் பார்த்தவள். எனக்கென்றால் தண்ணிக் குவளை எந்தத் தட்டில் இருக்கிறது என்றே தெரியாது. அந்த வீட்டில் நான்தான் கடைக்கு வந்த ஆள், என்ன கேட்பதென்று தெரியாமல் வந்து நிற்கிற ஆள். லஜ்ஜாவ. கடை எரிந்த பிறகு கொண்டு வர ஒன்றுமில்லை. பத்து வருடம் நான் கதைக்காமல் விட்டவளோடு எந்த இடத்தில் தொடங்குவது?

‘லஜ்ஜாவ’ என்ற சொல்லுக்கு என் மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. பெரியம்மா நிமிர்ந்துவிட்டார். “வெக்கமாமோ? என்னட்டயோ?” என்றார். பெரியப்பா தலையைக் குனிந்தபடி ஓமென்று ஆட்டினார். தமிழ் அவருக்கு விளங்கிக்கொண்டுதான் இருந்தது. பெரியம்மா சிரித்த சிரிப்பில் படகுக்கு நின்ற சனம் திரும்பிப் பார்த்தது. “நான் ஒரு விசரி. கதைச்சால் கோவிப்பார் எண்டு நான் வாயை மூடிக்கொண்டு இருந்தனான், பிள்ளை. மனுசன் எனக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்.” சிரித்து முடிய மூக்கைச் சிந்திக்கொண்டு அக்காவைப் பார்த்தார். “ஆளைக் கண்டுபிடிச்சிட்டன். நான் ஒரு இடமும் வரேல்லை.” அக்கா பெரியப்பாவின் மறுபக்கத்தில் போய் இருந்தாள். அவர் அவளுக்கும் செருப்பைக் கையில் பிடிக்கச் சொன்னார். மறுநாள் அவள் அந்த இல்லத்துக்குப் போன் எடுத்து வேண்டாம் என்று சொன்னதாகப் பெரியம்மா எனக்குச் சொன்னார்.

தமிழ் வந்தது மார்கழியில். மழை நாள், நானும் அங்கே சாப்பாட்டுக்கு நின்றேன். பெரியப்பா சொதி ஊற்றிய சோற்றை ஒரு கரண்டி வாயில் வைத்தார், நெற்றி சுருங்கியது. “இஞ்சேரும்” என்றார். “உப்புக் காணாது.” பத்து மாதத்துக்குப் பிறகு வந்த முதல் தமிழ். நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். உள்ளதைச் சொன்னால், நான் என் தட்டைத் தள்ளி வைத்தேன். பேப்பருக்குப் பின்னால் இருந்த மனுசன் திரும்பி வந்துவிட்டார், சிரிக்கிறவர் போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். பெரியம்மா அகப்பையோடு நின்றபடி அவரையே பார்த்தார். பிறகு ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, துறையடிக் கடைக்காரரின் அதே இழுவையில், “கமக் நே, மஹத்தயா. ஹெட்ட என்ன” என்றார். பரவாயில்லை ஐயா, நாளைக்கு வாங்கோ. பெரியப்பாவின் கரண்டி அந்தரத்தில் நின்றது. நெற்றிச் சுருக்கம் ஒவ்வொன்றாக அவிழ்ந்தது. எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தார். சிரித்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகத் தேடியெடுத்துத் தமிழில் சொன்னார்: “உந்தக் கடைக்கு... நான் இனி... வரமாட்டன்.”

அது அவர் தமிழில் விட்ட முதல் பகிடி. அதற்குப் பிறகு மூன்று வருடம் இருந்தார். இரண்டு மொழியையும் கலந்து கதைத்தார், ஒன்றில் சொல் தடக்கினால் மற்றதில் எட்டி எடுத்தார். கோபம் வந்தால் தமிழ், சிரிப்பும் குசாலும் வந்தால் சிங்களம் என்று முதலில் ஒரு கணக்கு வைத்திருந்தேன், போகப் போக அதுவும் பிழைத்துவிட்டது. எந்த ஆள் உண்மையான பெரியப்பா என்று என்னிடம் கேட்காதீர்கள். அந்தக் கோணல் மூளைக்குள் புதிதாக ஒருவரும் குடிவரவில்லை என்று மட்டும் சொல்வேன். ஆள் அங்கேதான் இருந்தார், நாங்கள் கண்ட வாசல் மட்டும் பூட்டிக் கிடந்தது. நோய் வந்துதான் மற்ற வாசல் திறந்தது என்பதற்காக நோய்க்கு நன்றி சொல்ல நான் தயாரில்லை. அந்த வலக்கை கடைசி வரை நிமிரவேயில்லை.

போன வருடத்துக்கு முதல் வருடம், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு படுத்தவர் எழும்பவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து நான் புறப்படும்போது பெரியம்மா அலுமாரிக்குள்ளிருந்து கொப்பியை எடுத்துக் கொண்டு வந்தார். எனக்கு இனி இது தேவையில்லை, நீ இன்னும் பாஸ் பண்ணவில்லை, கொண்டு போ என்று கையில் வைத்தார். மூன்றாம் தரம் பாஸ் பண்ணினேன். வாய்மொழிப் பரீட்சையில் கேள்வி கேட்ட அம்மணி என்னைக் கதைக்க விட்டுவிட்டுச் சிரித்தார். மிஸ், நீங்கள் எங்கேயாவது கடை வைத்திருந்தீர்களா என்று கேட்டார். எங்கள் குடும்பத்தில் ஒருவர் வைத்திருந்தார், நான் அதில் படித்தவள் என்றேன். பெரியம்மா இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டோ பிடித்துக் குறிகட்டுவானுக்குப் போகிறார். அதே வாங்கில் இருந்துகொண்டு, செருப்பைக் கையில் பிடியுங்கள் என்று சிங்களச் சனத்துக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அடையாள அட்டை கைப்பைக்குள் பேசாமல் கிடக்கிறது.

இன்று காலை முத்திரை எடுக்க லாச்சியை இழுத்தேன். கொப்பி மட்டை மேலே பார்த்தபடி கிடந்தது. பெயரும் தரமும் நான் எழுதியபடியே இருக்கின்றன. பாடம் என்ற இடத்தில் நான் எழுதிய ‘சிங்களம்’ ஒரு கோட்டால் நேராக வெட்டப்பட்டிருக்கிறது. அதற்குப் பக்கத்தில், புருசனின் பெயரை வாயால் ஒரு நாளும் சொல்லாத பெரியம்மா, தன் கையெழுத்தில் ‘இவர்’ என்று எழுதி வைத்திருக்கிறார்.